என்ஜின் ஃபிட்டராக இருந்த அப்பாவைப் பற்றி நினைவு மலரில் என்ன எழுதுவது?

மகளே, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வீடு மார்த்தாண்டம் பக்கம். அப்பா 1975-ல் விமானப்படையில் சேர்ந்தவர். என்ஜின் ஃபிட்டர். பெரும்பாலும் ஏஎன்-32 விமானங்களில் வேலை. 1999-ல் ஜூனியர் வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். 2012-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் அதோடு வாழ்ந்து, போன வருஷம் தவறிப்போனார். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் எழுதித் தந்ததில் அவர் படுக்கையில் கிடந்ததும் "அந்த அம்மா பட்ட பாடும்" மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. "அவரு என்னெப் பாத்துக்கிட்டத ஒருத்தரும் எழுதல்லியே" என்கிறார். அப்பா பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதும் உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

நான் அதே விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பார்க்கிறவன். டிரான்ஸ்போர்ட் ஸ்குவாட்ரனில் உங்கள் அப்பா மாதிரி என்ஜின் ஃபிட்டர்களோடு ஒரே ஹேங்கரில் காலம் கழித்தவன். இப்போது தக்கலையில் இருக்கிறேன். என் அண்ணனுக்கும் இதே நோய் வந்து, கூட இருந்து பார்த்தேன். அதனால் இரண்டு பக்கத்தையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். நோய் தெரிந்த அடுத்த வருஷம் அப்பா ஒரு நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டு, வீட்டுக் காரியங்களை எழுதிவைக்க ஆரம்பித்தாராம். தேதி, கோளாறு, செய்தது, அப்புறம் கையெழுத்துக்கு இரண்டு கட்டம். "மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. ஃபுட் வால்வில் சருகு. சுத்தம் செய்தது." "இன்வர்ட்டர் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் விட்டது." "கேஸ் டியூப் மாற்றியது." முதல் சில வருஷம் அவர் கையெழுத்து மட்டும். 2016-க்குப் பிறகு முதல் கட்டத்தில் அம்மாவின் சின்னக் கையெழுத்து, இரண்டாவது கட்டத்தில் அவருடையது. போகப் போக எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. "அப்பாவுக்கு எல்லாத்தையும் எழுதிவைக்கிற பழக்கம்" என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

என்னைக் கேட்டால், நினைவு மலரை அந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஃபார்ம் 700 என்போம். விமானம் பறப்பதற்கு முன் என்ன சர்வீஸ் நடந்தது, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு ஆயில், என்ன பாகம் கழற்றி மாட்டப்பட்டது, எல்லாம் அதில் ஏறும். பைலட் இறங்கி வந்ததும் ஏதாவது கோளாறு இருந்தால் அதில் எழுதுவார். எங்கள் வழக்கில் அதற்கு ஸ்னாக் என்று பெயர். அதைச் சரிசெய்தவர் என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதோடு முடியாது. மேலே ஒரு சூப்பர்வைசர் வந்து, டார்ச் அடித்து, கையால் தொட்டுப் பார்த்து, தானும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இரண்டும் விழுந்த பிறகுதான் பைலட் கையெழுத்துப் போட்டு விமானத்தை எடுத்துக்கொள்வார். வேலை செய்தவர் கையெழுத்து முதலில், சரிபார்த்தவர் கையெழுத்து அடுத்து. இந்த வரிசை மாறாது.

இப்போது அந்த நோட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 2016-க்கு முன் வேலை செய்தவர் அப்பா. 2016-க்குப் பின் வேலை செய்தவர் அம்மா, சரிபார்த்தவர் அப்பா. கை ஒத்துழைக்காது என்று தெரிந்ததும் அவர் ஒதுங்கி உட்காரவில்லை. அம்மாவுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து, அம்மா செய்ததைப் பார்த்து உறுதிசெய்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார். பட்டாளத்தில் ஒரு சீனியர், தன் கீழே வந்த பையனை அப்படித்தான் ஆளாக்குவார். செய்ய விடுவார், பக்கத்தில் நிற்பார், கடைசியில் தன் பெயரையும் போட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். தான் இல்லாத வீட்டில் மோட்டார் ஓடாமல் நின்றால் அம்மா யாரையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அம்மா சொல்கிற "என்னெப் பாத்துக்கிட்டது" இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். என்ஜின் ஃபிட்டர் என்றால் ஏதோ ஒர்க்ஷாப்பில் நட்டு முறுக்குகிறவர் என்று ஊரில் நினைப்பார்கள். லீவில் வந்தால் "பட்டாளத்துக்காரர்" என்பார்கள், துப்பாக்கி பற்றிக் கேட்பார்கள், கேன்டீன் சாமானைப் பற்றிக் கேட்பார்கள். வேலையைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றாது, நாங்களும் சொன்னதில்லை.

ஏஎன்-32 இரட்டை டர்போபிராப் என்ஜின் கொண்ட சோவியத் விமானம். 1984-லிருந்து நம் படையில் இருக்கிறது. ஒவ்வொரு என்ஜினும் 5,000 குதிரைத்திறனுக்கு மேல். மற்ற பல விமானங்களில் இறக்கைக்குக் கீழேயோ முன்னாலோ என்ஜின் இருக்கும், இதில் இறக்கைக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார்கள், பெரிய புரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க. அதனால் என்ஜின் ஃபிட்டருக்கு வேலை எப்போதும் உயரத்தில். பிளாட்ஃபார்ம் போட்டு ஏற வேண்டும். சண்டிகரில் ஜனவரி மாதம் விடிவதற்கு முன், பனியில் நனைந்த இரும்பு ஏணியில் ஏறி, கௌலிங் என்கிற என்ஜின் மூடியைத் திறந்து, ஆயில் அளவு பார்த்து, எங்காவது கசிவு தெரிகிறதா என்று பார்த்து, புரொப்பெல்லர் பிளேடு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கல் தெறித்து ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தாலும் கைக்குத்தான் முதலில் தெரியும். கையுறை போட்டால் தெரியாது என்று கழற்றிவிட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆயிலை வடித்து அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. துகள் வந்தால் உள்ளே பேரிங்கோ கியரோ தேய்கிறது என்று அர்த்தம், என்ஜின் நிற்பதற்கு வெகு முன்பே அது சொல்லிவிடும். அப்புறம் லாக் வயர். முறுக்கிய போல்ட் அதிர்வில் தளராமல் இருக்க, மெல்லிய கம்பியைப் பின்னிக் கட்டுவது. கட்டுகிற திசை முக்கியம். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கம் இழுக்க வேண்டும், தலைகீழாகக் கட்டினால் கட்டியதில் பிரயோஜனம் இல்லை. ஒரே சீராகப் பின்னி, வெட்டிய முனையை உள்பக்கம் மடக்கிவிட வேண்டும், அடுத்து கை வைப்பவனுக்குக் கீறாமல். நல்ல ஃபிட்டரின் லாக் வயரைப் பார்த்தாலே யார் கட்டியது என்று சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் கேட் கொண்டியிலோ, துணி காயப்போடும் கம்பியின் முனையிலோ அப்பா கட்டிய கம்பி இன்னும் இருக்கும். போய்ப் பாருங்கள், முனை உள்ளே மடங்கியிருக்கும். இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து மலரில் போடுங்கள்.

வேலை முடிந்ததும் டூல்ஸ் எண்ண வேண்டும். போர்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் அந்த விமானம் நகராது. ராத்திரி எத்தனை மணி ஆனாலும், கிடைக்கும் வரை தேடுவோம். என்ஜினுக்குள் விட்டுவிட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் அத்தனை பேரின் உயிரையும் எடுத்துவிடும். வீட்டில் கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று அப்பா உங்களைத் திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும்.

இந்த விமானங்கள் எங்கே போயின என்பதையும் நாலு வரி எழுதலாம். லே விமான தளம் கிட்டத்தட்ட 10,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, என்ஜினுக்கு மூச்சு வாங்கும். சியாச்சினில் இருக்கிற ஜவான்களுக்கு ரேஷனும் மண்ணெண்ணெயும் போனதில் ஏஎன்-32-க்குப் பெரிய பங்கு. 1987 ஜூன் 4 அன்று பெங்களூரிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்தில் உணவும் மருந்தும் போட்ட ஐந்து விமானங்களும் ஏஎன்-32தான். அந்த நடவடிக்கைக்குப் பூமாலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் உங்கள் அப்பா அந்த நேரத்தில் எந்த யூனிட்டில் இருந்தார் என்று உறுதியாகத் தெரியாமல் இதையெல்லாம் அவர் பெயரில் ஏற்றிவிடாதீர்கள். அவர் செய்யாததைச் செய்ததாக எழுதினால், கையெழுத்து விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த மனிதருக்கு அது அழகாகாது.

புருஷனாக அவர் எப்படி என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். பொதுவான நிலைமையை மட்டும் சொல்கிறேன், கேள்வி கேட்க உதவும். அவர் சேர்ந்த 1975-ல் நம் ஜில்லாவில் ரயிலே கிடையாது. 1979-ல்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தார்கள். அதுவரை டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, அதில் போக வர ஒரு வாரம் ரயிலிலேயே போய்விடும். கல்யாணம் ஆனதும் மனைவியைக் கூட்டிப்போக முடியாது, ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைக்க லிஸ்டில் பெயர் ஏறி வர வேண்டும். அதுவரை இன்லேண்ட் லெட்டர்தான். அம்மா எத்தனை காலம் மாமியார் வீட்டில் காத்திருந்தார், முதல்முதலில் எந்த ஊர் குவார்ட்டர்ஸுக்குப் போனார், அங்கே இந்தி தெரியாமல் எப்படிச் சமாளித்தார், அப்பா நைட் டியூட்டி போனால் யார் துணை, மரச்சீனியும் மீனும் கிடைக்காத ஊரில் என்ன சமைத்தார்கள். இப்படிக் குறிப்பாகக் கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். டிரங்குப் பெட்டியில் கடிதங்கள் இருந்தால், அம்மா அனுமதித்தால் மட்டும் ஒரு வரி எடுத்துப் போடுங்கள்.

நோயை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். எழுதத்தான் வேண்டும், பன்னிரண்டு வருஷத்தை மறைக்க முடியாது. ஆனால் அந்த வருஷங்களில் ஊர்க்காரர்கள் அவரைப் பல விதத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். அதைத் திருத்துகிற மாதிரி எழுதுங்கள். பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகிற நோய். டோபமைன் குறைந்தால் அசைவு மெதுவாகும், உடம்பு விறைக்கும், கை நடுங்கும். முகத் தசைகளும் விறைத்துவிடுவதால் சிரிப்பு வெளியே தெரியாது. குரலும் தாழ்ந்துவிடும். "போனேன், முகம் குடுத்துப் பேசல்ல, என்ன கோவமோ" என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவருக்காகவே இந்த வரி மலரில் இருக்க வேண்டும்: அப்பாவுக்கு யார் மேலும் கோபம் இல்லை, அவர் முகம் நோயின் பிடியில் இருந்தது. என் அண்ணன் விஷயத்தில் இதைப் புரிந்துகொள்ளாமல் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு.

எழுத்து சுருங்குவதும் இந்த நோயின் அடையாளம்தான். சிலருக்கு நடுக்கம் தெரிவதற்கு முன்பே எழுத்து சின்னதாகத் தொடங்கிவிடும். வாசனை தெரியாமல் போவதும் அப்படித்தான், பல வருஷம் முன்கூட்டியே வரலாம். மீன் கருகியது அவருக்குத் தெரியவில்லை என்று 2009 வாக்கில் அம்மா சிரித்ததாகச் சொன்னீர்கள். எரிபொருள் கசிவை மூக்காலேயே கண்டுபிடித்து வாழ்ந்த ஒரு மெக்கானிக்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை போலும்.

மடியில் கை வைத்திருந்தால் நடுங்குகிறது, ஸ்பேனரை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது, இது எப்படி என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். மனசு வைத்து ஒரு காரியத்துக்குக் கையை நீட்டினால் குறையும். அதனால்தான் நோய் வந்த பிறகும் சில வருஷம் அவரால் ஸ்டவ் பர்னரைக் கழற்றி மாட்ட முடிந்தது. பார்த்தவர்கள் "நடிக்கிறார்" என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கும் இது தெரியட்டும்.

குளியலறை வாசலில் மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னாரே, அதுவும் காரணத்தோடுதான். இந்த நோயில் வாசல் நிலையைக் கடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். தரையில் குறுக்கே கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கிவிடலாம். டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சொல்லிக்கொடுக்கிற வழி இது.

மாத்திரை விஷயத்தில் அம்மாவின் பங்கைச் சரியான அளவில் எழுதுங்கள். டோபமைன் குறைவை ஈடுகட்டுகிற லெவோடோபா மாத்திரை நேரம் தவறினால் உடம்பு அப்படியே கட்டிப்போகும். முட்டை, மீன், பருப்பு போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது, அதனால் சாப்பாட்டுக்கு முன்னோ நன்றாகப் பின்னோ கொடுக்க வேண்டும். தினம் பல வேளை, பன்னிரண்டு வருஷம், அலாரம் வைத்துச் செய்திருக்கிறார். இதை "பட்ட பாடு" என்று எழுதினால் அம்மாவுக்கு ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அந்த நோட்டில் மாத்திரை நேரத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதிலும் இரண்டு கையெழுத்து என்றீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய சர்வீஸ் அது, அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள், வேலையில் கை வைத்த ரசாயனங்களால் நோய் வந்திருக்குமா என்று. உலோகப் பாகங்களின் கிரீஸ் எடுக்க அந்தக் காலத்துத் தொழிற்கூடங்களில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் லெஜூன் என்ற ராணுவ முகாமில் குடிநீரில் அது கலந்திருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு பார்க்கின்சன் வரும் வாய்ப்பு, மற்றொரு முகாமில் இருந்தவர்களைவிட சுமார் 70 சதவீதம் கூடுதல் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வேலையே செய்யாதவர்களுக்கும் வருகிறது. நினைவு மலரில் இதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் அந்த வேலையை நேசித்தவர்.

மலரின் முதல் பத்தி இப்படி இருக்கலாம், மாற்றிக்கொள்ளுங்கள்: "எங்கள் அப்பா 24 வருஷம் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட என்ஜினை நம்பி முன்பின் தெரியாத எத்தனையோ பேர் மலைகளுக்கு மேல் பறந்து போய் வந்தார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகு, நோய் வந்த பிறகும், அதே முறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பதிவேடு வைத்தார். முதலில் அவர் செய்து கையெழுத்துப் போட்டார். பிறகு அம்மா செய்ய, அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்." இதற்குப் பக்கத்தில் நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள், 2013-ல் ஒன்று, பிந்தைய வருஷத்தில் ஒன்று. யூனிஃபார்ம் போட்டோ அட்டைக்கு இருக்கட்டும்.

ரேங்க், டிரேடு, சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, மெடல்கள் எல்லாம் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும், அதைப் பார்த்தே எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். ஆலயத்தில் வாசிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், மீதி மலரில் இருக்கட்டும். அவர் எந்த ஸ்குவாட்ரனில், எந்த வருஷங்களில் இருந்தார் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். தக்கலையிலும் குலசேகரத்திலும் அந்தக் காலத்து டிரான்ஸ்போர்ட் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே பிளாட்ஃபார்மில் நின்று வேலை பார்த்த யாராவது கிடைத்தால், அவர்களிடமிருந்தும் அரைப் பக்கம் வாங்கித் தருகிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முழுவதையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள், அவர் வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிடுங்கள்.